நாள் தவறாமல் வந்த பறவை

பறவைகள் காலம் தவறுவதில்லை என்பது மனிதன் நெடுங்காலமாகக் கண்டறிந்த உண்மை. நாரையும் காட்டுப்புறாவும் தகைவிலானும் தாம் வரவேண்டிய காலத்தை அறிந்திருப்பதை எடுத்துக்காட்டியே எரேமியா இறைவாக்கினர் தம் மக்களைக் கடிந்துகொண்டார். அவர் கண்ட உண்மை இன்றும் பொய்யாகிவிடவில்லை. ஆனால் நாள் தவறாமல் வந்து சேர்ந்தும், வந்த நாளே பிந்திய நாளாகிவிட, பெற்ற குஞ்சுகளுக்குப் போதிய இரை கொடுக்க முடியாமல் ஒரு பறவை தவிக்கக்கூடும் என்பதை ஹாலந்து நாட்டு விஞ்ஞானிகள் மெய்ப்பித்திருக்கிறார்கள். இத்திங்கள் அந்தப் பறவையைப் பற்றி வாசக அன்பர்களோடு சற்றுப் பேச விரும்புகிறோம்.

ஈப்பிடிப்பான் இனத்தைச் சேர்ந்த சிறிய பறவை அது. எடை 12 கிராம் அளவே. நம் வீட்டுக் கூரையில் கூடு கட்டும் சிட்டுக்குருவியின் எடையில் பாதி என்று சொல்லலாம். ஆண் பறவை மேலே கருமையும் கீழே வெண்மையுமாக இருக்கும். பெண் பழுப்பு நிறம். குளிர்காலத்தை இது மேற்கு ஆப்பிரிக்காவில் கழிக்கிறது. இளவேனில் வந்ததும் சகாராப் பாலைவனத்தையும் மத்தியதரைக் கடலையும் தாண்டி, 4500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து ஹாலந்தின் ஓக் மரக்காடுகளுக்கு வருகிறது. ஏப்ரல் திங்களின் பிற்பாதியில், புனித மாற்கின் திருநாளை ஒட்டிய நாட்களில், ஆண் பறவைகள் முதலில் வந்து மரப்பொந்துகளில் இடம் பிடிக்கின்றன. பெண் பறவைகள் சில நாட்கள் கழித்து வருகின்றன.

இந்தப் பறவைக்குப் பொந்து வேண்டும். மரத்தில் பொந்து கிடைக்காவிட்டால், மனிதர் கட்டித் தொங்கவிடும் சிறு மரப்பெட்டியையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். அதுவே ஆராய்ச்சியாளர்களுக்கு வசதியாகப் போயிற்று. ஹாலந்தின் ஹோகே வெலுவே என்னும் தேசியப் பூங்காவில் நூற்றுக்கணக்கான பெட்டிகளை மாட்டி, எந்தப் பெட்டியில் எந்த நாள் முதல் முட்டை விழுந்தது, எத்தனை குஞ்சுகள் பொரித்தன, எத்தனை பறந்து சென்றன என்று ஆண்டு தவறாமல் குறித்து வந்திருக்கிறார்கள். நம் பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குப் பதிவேடு எழுதுவதைப் போன்ற பொறுமையான வேலை. ஓராண்டுக் குறிப்பை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. இருபது முப்பது ஆண்டுக் குறிப்புகளை அடுக்கி வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு குடும்பத்தின் கதை கண்ணுக்குத் தெரியும்.

இனி, இக்கதையின் மற்றொரு பாத்திரத்தை அறிமுகம் செய்ய வேண்டும். அது ஒரு பச்சைப் புழு. ஓக் மரத்தில் வாழும் ஒருவகை அந்துப்பூச்சி உண்டு. அதன் பெண்ணுக்குப் பறக்கத் தக்க சிறகு கிடையாது. குளிர்காலத் தொடக்கத்தில் அது அடிமரத்தின் வழியே ஊர்ந்து ஏறி, மேற்கிளைகளில் முட்டையிட்டு மடிகிறது. இளவேனிலில் மொட்டு விரியும் வேளையில் முட்டைகள் பொரிந்து புழுக்கள் வெளிவருகின்றன. அவை இளந்தளிரைத் தின்று வளரவேண்டும். தளிர் முற்றிவிட்டால் அதில் துவர்ப்பு ஏறிவிடும். பிறகு அது புழுவுக்கு ஆகாது. எனவே புழுக்கள் அவசர அவசரமாகத் தின்று கொழுத்து, நூலிழையில் தொங்கித் தரையில் இறங்கி, மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிவிடுகின்றன. மரமெங்கும் புழு மலிந்திருக்கும் காலம் இரண்டு மூன்று வாரந்தான். அதன் பின் காடு பசுமையாகவே இருக்கும். ஆனால் குஞ்சுகளுக்கு ஏற்ற மெல்லிய கொழுத்த இரை அருகிவிடும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. தாய்ப் பறவை நாளுக்கொன்றாக ஆறு முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடைகாப்பது ஏறத்தாழ 13 நாள். பொரித்த குஞ்சுக்குப் பசி உச்சத்தை எட்டுவது பத்தாம் நாள் அளவில். கூட்டிப் பார்த்தால், முதல் முட்டைக்கும் குஞ்சுகளின் பெரும்பசிக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு மாத இடைவெளி இருக்கிறது. ஆகவே புழு மலியும் வாரத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே, மரத்தில் புழு கண்ணுக்குத் தெரியாத நாளிலேயே, தாய் முட்டையிடத் தொடங்க வேண்டும். அதற்கும் முன்னதாக ஊர் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதற்கும் முன்னதாக ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும்! ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் உழவர் சொல்வதைப்போல, இதற்கும் ஒரு பட்டம் உண்டு. ஆனால் உழவன் நிலத்தருகே நின்று வானத்தைப் பார்க்கிறான். இந்தப் பறவையோ தன் நிலத்தை விட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு பட்டம் பார்க்க வேண்டியிருக்கிறது.

எதைப் பார்த்து அது புறப்படுகிறது? ஹாலந்தில் பனி உருகியதா, ஓக் துளிர்த்ததா என்று ஆப்பிரிக்கக் காட்டில் அதற்குச் செய்தி சொல்பவர் யாருமில்லை. அங்குள்ள வெப்பமும் மழையும் ஹாலந்தின் இளவேனிலைப் பற்றி ஒன்றும் அறிவிப்பதில்லை. பகல் நீள்வதையும், தன் உடலுக்குள்ளேயே பிறவியில் அமைந்த ஒருவகை ஆண்டுக் கடிகாரத்தையும் நம்பியே அது கிளம்புகிறது. பிற்காலத்தில், அரை கிராம் அளவே எடையுள்ள ஒளிப்பதிவுக் கருவிகளைப் பறவைகளின் முதுகில் பொருத்தி அனுப்பிப் பார்த்தார்கள். சூரியன் உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் அக்கருவி பதிவு செய்யும். அதிலிருந்து பறவை எந்நாளில் எவ்விடத்தில் இருந்தது என்று கணக்கிடலாம். 2017-இல் வெளியான அந்த ஆராய்ச்சி தெரிவித்தது இது: ஒரு பறவை முந்தி வருவதும் பிந்தி வருவதும் வழியில் எவ்வளவு வேகமாகப் பறந்தது என்பதைப் பொறுத்தது அன்று, ஆப்பிரிக்காவை விட்டு என்று புறப்பட்டது என்பதையே பொறுத்தது.

பன்னெடுங்காலம் இந்த ஏற்பாடு செம்மையாகவே நடந்து வந்திருக்க வேண்டும். பகலின் நீளம் ஆண்டுக்காண்டு மாறுவதில்லை. இளவேனிலும் ஓரிரு வாரம் முன்பின்னாக வந்தாலும் சராசரியில் தன் இடத்தை விட்டு விலகவில்லை. 1980-களுக்குப் பின் நிலைமை மாறிற்று. ஐரோப்பாவின் இளவேனில் வெப்பம் ஏறிக்கொண்டே வந்தது. மொட்டுகள் முன்னதாக விரிந்தன. புழுக்கள் இன்னும் வேகமாக முந்தின. ஹாலந்தில் 1988 முதல் 2005 வரை எடுத்த கணக்கின்படி, புழு மலியும் நாள் ஆண்டொன்றுக்கு முக்கால் நாள் வீதம் முன்னே வந்திருக்கிறது. புழுவை நம்பி வாழும் சிறு பறவைகளின் குஞ்சு பொரிக்கும் நாளோ ஆண்டுக்கு 0.36 முதல் 0.50 நாள் வரையே முந்தியது. முக்கால் நாளுக்கும் அரை நாளுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கத் தோன்றும். 17 ஆண்டுகளில் புழு ஏறத்தாழ 13 நாள் முந்திவிட்டது. பறவைகள் ஆறு முதல் எட்டு நாளே முந்தின. விருந்தே இரண்டு மூன்று வாரம் என்றிருக்கும்போது, ஐந்தாறு நாள் தாமதம் என்பது பந்தி எழும் நேரத்தில் வாசலில் வந்து நிற்பதற்குச் சமம்.

கிறிஸ்தியான் போத், மார்செல் விஸ்ஸர் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 2001-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை இவ்விஷயத்தில் முதன்மையானது. ஈப்பிடிப்பான் முட்டையிடும் நாள் இருபது ஆண்டுகளில் முந்தியிருக்கிறது. ஆனால் தேவையான அளவுக்கு முந்தவில்லை. காரணம், அது வந்து சேரும் நாள் மாறவே இல்லை என்று அவர்கள் காட்டினார்கள். அதாவது, பறவை தன்னால் இயன்றதைச் செய்திருக்கிறது. வந்த பின் இளைப்பாறி, உடல் தேறி, கூடு கட்டுவதற்கு இருந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டது. ஆனால் அந்த இடைவெளி எவ்வளவுதான் குறையும்? வராத நாளில் முட்டையிட எந்தப் பறவையாலும் ஆகாது.

பிந்திப் பொரித்த குஞ்சுகள் எல்லாம் கூட்டிலேயே மடிந்துவிடுகின்றன என்று நினைத்துவிட வேண்டாம். பெற்றோர் சும்மா இருப்பதில்லை. புழு கிடைக்காவிட்டால் ஈ, வண்டு, சிலந்தி என்று கிடைத்ததைக் கொண்டுவந்து ஊட்டுகின்றன. நாள் முழுவதும் கூட்டுக்கும் மரத்துக்குமாகப் பறந்து ஓய்கின்றன. ஆயினும் மெலிந்து பறந்து செல்லும் குஞ்சுக்கு முன்னால் சில வாரங்களில் சகாராப் பயணம் காத்திருக்கிறது. கூட்டை விட்டுப் பறந்துவிட்டதை மட்டும் வைத்து வெற்றியைக் கணக்கிட முடியாது. எத்தனை குஞ்சுகள் பின்னர் அதே காட்டுக்குத் திரும்பி வந்து தாமும் கூடு கட்டுகின்றன என்பதே உண்மையான கணக்கு. முந்தி முட்டையிட்ட தாயின் குஞ்சுகளே மிகுதியாகத் திரும்பி வருகின்றன என்பதையும், முந்துவதற்குக் கிடைக்கும் இந்தப் பலன் ஆண்டுக்காண்டு கூடி வருகிறது என்பதையும் ஹாலந்துப் பதிவேடுகள் காட்டின.

2006-இல் அதே இருவரும் துணை ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து இன்னொரு முடிவை வெளியிட்டார்கள். ஹாலந்தின் ஒன்பது காடுகளில் வாழும் ஈப்பிடிப்பான் கூட்டங்களை அவர்கள் ஒப்பிட்டிருந்தார்கள். எல்லாக் காடுகளிலும் புழு ஒரே நாளில் மலிவதில்லை. சில காடுகளில் முந்தியும் சிலவற்றில் பிந்தியும் மலியும். புழு பிந்தி மலியும் காடுகளில் பறவையின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. புழு முந்தி மலியும் காடுகளிலோ இருபது ஆண்டுக்குள் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்துபோயிற்று. வேட்டை இல்லை, நோய் இல்லை, காட்டை வெட்டவும் இல்லை, பெட்டிகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. பத்துக்கு ஒன்பது வெறுமையாகிவிட்டது.

இது ஈப்பிடிப்பானுக்கு மட்டும் வந்த சோதனை அன்று. 2008-இல் ஐரோப்பாவின் வலசைப் பறவைகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், தம் வருகை நாளை மாற்றிக்கொள்ளாத இனங்களே எண்ணிக்கையில் குறைந்து வருவதாகக் கண்டார்கள். ஹாலந்திலேயே நெடுந்தூர வலசைப் பறவைகளுள் காட்டில் கூடு கட்டுபவை குறைந்தன. சதுப்பு நிலத்தில் கூடு கட்டுபவை அவ்வாறு குறையவில்லை. சதுப்பில் கோடை நெடுகிலும் பூச்சி கிடைக்கும். ஒரு வாரம் பிந்தினாலும் பழுதில்லை.

'அப்படியானால் எல்லாப் பறவைகளும் இரண்டு வாரம் முன்னதாகவே கிளம்பி வந்தால் என்ன?' என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். முந்தி வந்தால் வேறொரு ஆபத்து. ஏப்ரல் தொடக்கத்தில் திடீரெனக் குளிர் திரும்பும், பூச்சி பறக்காது. நெடும்பயணத்தில் உடற்கொழுப்பைச் செலவழித்துவிட்டு வந்த 12 கிராம் உடல் சில நாள் பட்டினியைத் தாங்குவது கடினம். மேலும் வழியிலுள்ள நாடுகள் எல்லாம் ஒரே சீராக வெப்பமடையவில்லை. முந்தியும் வரக்கூடாது, பிந்தியும் வரக்கூடாது என்ற குறுகிய வாசல் அது.

பிந்தி வருவதில் பசியை விடக் கொடிய ஆபத்தும் ஒன்றுண்டு. இதைச் சொல்லும்போது சிறு பிள்ளைகளைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லலாம். பட்டாணிக் குருவி இனத்தைச் சேர்ந்த பெரிய சிட்டு ஒன்று அதே ஓக் காடுகளில் வாழ்கிறது. அது எங்கும் வலசை போவதில்லை. குளிர்காலத்தை உள்ளூரிலேயே கழிப்பதால் இளவேனிலின் வெப்பத்தை நேரில் உணர்ந்து தன் நாளை ஓரளவு மாற்றிக்கொள்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து ஈப்பிடிப்பான் வந்து சேரும்போது நல்ல பொந்துகளில் இந்தச் சிட்டு குடியேறியிருக்கும். ஆளில்லை என்று எண்ணி உள்ளே நுழையும் ஈப்பிடிப்பான் சில வேளைகளில் திரும்புவதில்லை. சிட்டு எடை மிகுந்தது. வலிய அலகும் கால்களும் உடையது. பொந்துக்குள் அகப்பட்ட விருந்தாளியைக் கொன்று, அதன் மூளையைத் தின்றுவிடுகிறது. யெல்மர் சாம்ப்ளோனியுஸ் என்னும் ஆராய்ச்சியாளரும் போத்தும் 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2007 முதல் 2016 வரை இவ்வாறு கொல்லப்பட்டுப் பெட்டிகளில் கிடந்த ஈப்பிடிப்பான்கள் 88. அவற்றுள் 86 ஆண் பறவைகள்; வீடு தேடி அலைவது ஆணின் வேலை அல்லவா? சில ஆண்டுகளில் அங்குள்ள ஆண் பறவைகளில் ஏறத்தாழ 9 விழுக்காடு இப்படி மடிந்திருக்கின்றன. குளிர் கடுமையாக இல்லாத ஆண்டுகளில் சிட்டுகள் மிகுதியாகப் பிழைத்திருக்கின்றன. ஆகவே இடத்துக்கான போட்டியும் கூடுகிறது.

பறவையின் உடலில் அமைந்த கடிகாரம் மாறவே மாறாதா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. இதற்கு விடை தேடிய சோதனை ஒன்று ஜெர்மனியில் நடந்தது. நமக்கு மிகவும் பிடித்த சோதனை அது. 1981-இல் ஏபர்ஹார்ட் குவின்னர் என்னும் புகழ்பெற்ற விஞ்ஞானி ஈப்பிடிப்பான் குஞ்சுகளை எடுத்துக் கையால் ஊட்டி வளர்த்து, ஆப்பிரிக்காவில் இருப்பது போன்ற பகல் நீளத்தை விளக்கொளியால் உண்டாக்கி, அவற்றைக் கூண்டில் வைத்திருந்தார். வலசைக் காலம் நெருங்கினால், கூண்டிலிருக்கும் பறவையும் இரவில் உறங்காமல் சிறகடித்துத் துள்ளும். பயணத்துக்கு உடல் ஆயத்தமாகிவிட்டதன் அடையாளம் அது. வெளியே வெயிலா பனியா என்று அந்தக் குஞ்சுகளுக்குத் தெரிய வழியில்லை; எனவே அவை காட்டுவது முழுக்க முழுக்கத் தம் உள்ளிருக்கும் நாட்காட்டியை. 2002-இல் பார்பரா ஹெல்ம் முதலியோர் அதே இடத்துப் பறவையின் குஞ்சுகளைக் கொண்டு, அதே முறையில், அதே விளக்கொளியில் சோதனையை மீண்டும் செய்தார்கள். இரவுத் துள்ளல் 9 நாள் முன்னதாகவே தொடங்கிற்று. 21 ஆண்டுகளில் அந்தப் பறவைக் கூட்டத்தின் பிறவிக் கடிகாரமே முந்தியிருக்கிறது என்பதே இதன் பொருள். பிந்திப் புறப்படும் இயல்புடைய பெற்றோரின் பிள்ளைகள் குறைவாகவே பிழைத்து, முந்திப் புறப்படுவோரின் பிள்ளைகள் மிகுந்து வந்ததன் விளைவு இது. எத்தனை கூடுகளின் பசி இந்த ஒன்பது நாளுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது.

வேறொரு வழியும் உண்டா என்று பார்க்க ஹாலந்துக்காரர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், தென் சுவீடனில், இதே பறவை இரண்டு வாரம் பிந்தியே கூடு கட்டுகிறது. ஹாலந்தில் பிந்தி வருவது எனப்படும் பறவை சுவீடனில் முந்தி வருவதாக ஆகிவிடும் அல்லவா? ஹாலந்துக்கு வந்து சேர்ந்த பெண் ஈப்பிடிப்பான்களைப் பிடித்துச் சுவீடனுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சில முட்டைகளையும் எடுத்துச் சென்று அந்நாட்டுப் பறவைகளின் கூடுகளில் வைத்தார்கள். 2023-இல் முடிவு வெளியாயிற்று. கொண்டுசெல்லப்பட்ட தாய்ப் பறவைகள் சுவீடன் பறவைகளை விட முன்னதாகவே முட்டையிட்டன. பிழைத்து இனம் பெருக்கும் வகையில் அவை பெற்ற வெற்றி, அந்நாட்டுப் பறவைகளின் வெற்றியைப் போல் 2.5 மடங்கு. சுவீடனின் இளவேனிலும் முந்திக்கொண்டு வருவதால், அங்குள்ள பறவைகளும் தம் புழுவை விட்டுப் பின்தங்கத் தொடங்கியிருந்தன. தெற்கிலிருந்து வந்தவை சரியான நாளில் பொருந்திவிட்டன. அந்நியக் கூட்டில் பொரித்து, அந்நியத் தாயிடம் இரை உண்டு வளர்ந்த குஞ்சுகளும் ஆப்பிரிக்கா சென்று, சுவீடனுக்கே திரும்பி வந்தன. வளர்த்தவளின் ஊர் எது என்பதை அவை மறக்கவில்லை. ஆனால் நாள் பார்ப்பதில் மட்டும் தம்மைப் பெற்றவளின் பக்கமே சாய்ந்தன.

கொண்டுபோய் விடுவது சோதனைக்காகச் செய்தது; ஒரு நாட்டுப் பறவைகளையெல்லாம் வண்டியில் ஏற்றிச் செல்ல யாராலும் ஆகாது. அவை தாமாகவே வடக்கே போக வேண்டும். இளம் ஈப்பிடிப்பான்களுள் பெரும்பாலானவை, ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும்போது, தாம் பிறந்த இடத்துக்கு அருகிலேயே கூடு தேடுகின்றன. ஒரு சில மட்டும் பழகிய காட்டைக் கடந்து மேலும் பறந்துபோய், முன்பின் அறியாத ஓக் மரத்தில் இறங்குகின்றன. அங்கே மொட்டு அப்போதுதான் விரிந்துகொண்டிருக்கும்.